அறுபத்தெட்டு கிலோ

சுரங்கத்து லிஃப்ட் கூண்டில் இறங்கியவர்கள்: சோதனைக்குப் பொறுப்பான என்ஜினியர், வயர்மேன், தராசைப் பார்த்துக்கொள்கிற அக்கா. மூன்று பேர்தான். காலடியில் வயர்மேனின் இரும்புப் பெட்டி. வேறு ஆளும் இல்லை, சாமானும் இல்லை.

கூண்டுக் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் எரிகிற சின்னப் பலகை ஒன்று உண்டு. உள்ளே ஏறிய மொத்த எடையை அது காட்டும். பழைய சுரங்கம், பழைய கம்பிவடம். பலகையைப் பார்க்காமல் யாரும் பொத்தானைத் தொட மாட்டார்கள். கூட்டிப் பார்க்க வசதியாக ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் அவரவர் எடையை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். என்ஜினியர் மூன்று ஹெல்மெட்டுகளைப் பார்த்தார். பெட்டியைச் சேர்த்துக் கூட்டினார். பலகையைப் பார்த்தார். மறுபடி கூட்டினார்.

அறுபத்தெட்டு கிலோ அதிகம்.

விரல் முட்டியால் பலகையைத் தட்டினார். எண் அசையவில்லை.

"என்ன சார், அதப் போட்டு அடிக்கிறீங்க?" என்றான் வயர்மேன்.

"ஈரம் ஏறியிருக்கு. தப்பாக் காட்டுது."

"தப்பில்ல சார். அக்கா ஹெல்மெட்ல எழுதினது கல்யாணத்துக்கு முன்னாடி எடை."

"உன் வாயத் தனியா எடை போட்டுப் பாரு தம்பி, கணக்கு சரியா வரும்," என்றார் அக்கா.

என்ஜினியரும் சிரித்து வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

மேலே நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. கூண்டு இறங்க இறங்க அந்த வெயில் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கி, ஒரு பொத்தான் அளவுக்குச் சுருங்கி, இல்லாமலே போனது. ஈரப் பாறையின் வாசனையும் துருவும் வடத்துக்குப் பூசிய கிரீஸும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏற, நாலு பக்கச் சுவரிலும் தண்ணீர் வழிகிற சத்தம் கூடவே இறங்கி வர, என்ஜினியர் அதையெல்லாம் விட்டுவிட்டுத் தலைக்கு மேலே வடம் முனகுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரைத் தூக்கும்போது அது முனகாது. வருஷக்கணக்காக அதில் ஏறி இறங்கியவருக்கு அது தெரியும்.

அந்த எண்ணும் அவருக்குத் தெரியும். அது யாருடைய எண் என்று நினைத்துப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

கீழே ஒரே ஒரு நடைபாதை. இந்த முனையில் கண்ணாடி அறை. அங்கிருந்துதான் எல்லாவற்றையும் இயக்குவார்கள். அந்த முனையில் உள்ளறை. இடையில் தரை முழுக்க இரும்புத் தகடுகள். யார் மிதித்தாலும் தகடு லேசாக அமுங்கி 'டங்' என்று சொல்லும். உள்ளறையில் வாயன் இருந்தது.

வாயன் என்பது வேலைக்காரர்கள் வைத்த பெயர். கரும்பொருளை எரித்து விண்கலத்தை உந்தித் தள்ளுகிற எந்திரம் அது. கரும்பொருள் என்றால் கரி இல்லை. கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது, விளக்கடியில் நிறுத்தினாலும் நிழல் விழாது. பாறை, சுவர், ஆள், எதுவும் அதற்குக் குறுக்கே இல்லை. எல்லாவற்றையும் ஊடுருவி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனிடம் இருப்பது எடை ஒன்றுதான். அண்டம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிற சரக்கு. பிடித்து எரிக்கத் தெரிந்துவிட்டால் விண்கலம் எரிபொருளைச் சுமக்கவே வேண்டாம், போகிற வழியெல்லாம் வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டே போகலாம்.

முதல் சோதனையில் வாயன் உந்தியது. கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு உந்தியது. மேலே காத்திருந்த பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இன்று அதையே இன்னொரு முறை செய்து காட்டிவிட்டால் என்ஜினியருக்கு ஏவுதளத்தில் தலைமைப் பதவி. உத்தரவு தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

ஏன் அவ்வளவு உந்தியது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கண்ணாடி அறையில் விளக்குகளைப் போட்டார்கள். சுவரில் ஆணி வரிசை, அதில் ஹெல்மெட்டுகள். கடைசி ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியபடியே இருந்தது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. முகப்பில் வெள்ளைப் பெயிண்டில் 68. என்ஜினியர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அது ஒட்டடையின் ஹெல்மெட். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன், எந்த வாசலில் நுழைந்தாலும் தலை இடிக்கும். வாயனின் சுருள்களை இறுக்குவது அவன் வேலை. வயர்மேனின் தங்கையைக் கட்டியவன். கைவேலையில் கெட்டிக்காரன், ஞாபகத்தில் ஓட்டைப் பானை.

உள்ளறைக்குள் போகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே கண்ணாடி அறையின் பூட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். கம்பியில் ஒரு பூட்டு தொங்கினாலும் மெயின் கைப்பிடியைக் கீழே இழுக்க முடியாது. வெளியே வந்ததும் தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். ஒட்டடை இந்தக் கடைசிப் பாதியை மறப்பான். பூட்டைத் தொங்கவிட்டு, சாவியோடு கூண்டேறி, மேலே டீ குடித்துக்கொண்டிருப்பான். கீழே இருப்பவர்கள் திட்டிக்கொண்டே கட்டரை எடுத்து வெட்டுவார்கள். அவனால் வாங்கிய பூட்டுகளை வைத்து ஒரு கடையே போடலாம் என்று கேலி செய்வார்கள்.

அன்றும் அவனுடைய சிவப்புப் பூட்டு தொங்கியது. மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேலே பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்தானே என்று என்ஜினியர் கட்டரை எடுத்தார். வெட்டுவதற்கு முன் உள்ளறைக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது விதி. கூப்பிடவில்லை. வாசலிலிருந்தே உள்ளறைக் கதவைச் சாத்தினார், திரும்பி வந்தார், வெட்டினார், கைப்பிடியை இழுத்தார்.

அதுவரைக்கும் அது தவறு.

வாயன் உறுமத் தொடங்கியதும் மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளறையிலிருந்து யாராவது போனை எடுத்தால் எரிகிற விளக்கு. என்ஜினியர் அதைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். வாயன் உந்துவதை அளக்கிற தராசின் எண் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் சோதனை போச்சு. பச்சை விளக்கு எரிந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு போய்ப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. துணி இல்லை, சாம்பல் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. கரும்பொருளைப் பிடித்து எரிக்கும் என்றுதான் வாயனைக் கட்டியவர்கள் சொன்னார்கள். ஆளைப் பிடித்தால் என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

வெட்டிய பூட்டை, சுரங்கத்துத் தண்ணீர் வடிந்து சேருகிற நீர்க்குழியில் போட்டார். கேட்டவர்களிடம், சோதனைக்கு முன்னாலேயே அவன் மேலே போய்விட்டான், போனில் யாரோ ஒரு பெண்ணிடம் குழைந்துகொண்டிருந்தான் என்றார். ஓடிப்போனவன் என்று ஊர் முடிவு கட்டியது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று வயர்மேனின் தங்கைக்குப் பெயர் விழுந்தது.

"சார், தராசு பூஜ்யத்துக்கு வரமாட்டேங்குது."

அக்காவின் குரல் அவரைத் திரும்ப இழுத்து வந்தது. திரையில் எண் நின்றது. எவ்வளவு என்று அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மறுபடி பண்ணுங்க."

"பண்ணிட்டேன். அறுபத்தெட்டுலயே நிக்குது."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"வந்திருக்கு," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கீழ வர்ற அன்னைக்கு மட்டும்."

எங்கோ தண்ணீர் சொட்டியது.

கீழே மட்டும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியாது. காரில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும்; வண்டி கிளம்பியதும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும். டிங், டிங், டிங். நிற்காது. மெக்கானிக்கிடம் காட்டினார்; ஒரு கோளாறும் இல்லை சார் என்றான். கடைசியில் காலி இருக்கைக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. "யாருக்கு இந்த மரியாதை?" என்று மனைவி கேட்டாள். சோபாவில் அவர் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பக்கத்து மெத்தை மெல்லப் பள்ளமாகும். தொட்டால் ஒன்றும் தட்டுப்படாது. குளிரும் இருக்காது, மூச்சும் இருக்காது. பள்ளம் மட்டும். கரும்பொருள் அப்படி உட்காராது என்று அவருக்குத் தெரியும். மெத்தை, தரை, பூமி, எல்லாவற்றையும் ஊடுருவி அது விழுந்துகொண்டே போக வேண்டும். நின்றே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் தவிர.

"உள்ள யாராவது ஏதாவது வெச்சிருப்பாங்க," என்றார். "போய்ப் பாருய்யா."

வயர்மேன் பெட்டியை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடினான். "நீங்க போங்க சார். பொறுப்பு உங்களுது."

ஏவுதளத்து நாற்காலி கண் முன்னால் வந்து போனது. என்ஜினியர் எழுந்தார். தன் நீலப் பூட்டைக் கம்பியில் மாட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

டங். டங். டங். தன் காலடிச் சத்தம்தான். நடுவில் ஒருமுறை நின்றார். சத்தமும் நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

உள்ளறைக் கதவு ஓர் ஆள் உடம்பைவிடத் தடித்த இரும்பு. சாத்துவதற்கு முழு உடம்பையும் கொடுத்துத் தள்ள வேண்டும், தானாக ஒரு விரல்கடைகூட நகராது. தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் வெளிப்பக்கம். கதவு மலர்ந்து கிடந்தது. உள்ளே சூடான ரப்பர் வாசனை. சுருள்களுக்கு நடுவே வாயனின் வட்ட வாய், பளபளவென்று, ஒன்றையும் காட்டாமல். தராசு மேடை காலி. மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார். காலி. டார்ச்சை நாலு மூலைக்கும் அடித்தார். அவர் நிழலைத் தவிர எதுவும் இல்லை.

சுவர் போனை எடுத்தார். "ஒண்ணும் இல்ல. எண் என்ன காட்டுது?"

"பூஜ்யம் சார்," என்றார் அக்கா. "நீங்க உள்ள கால் வெச்சதுமே பூஜ்யத்துக்கு வந்துடுச்சு."

தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. இங்கே இல்லை. போய்விட்டது. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. எங்கே போய்விட்டது?

போனில் வயர்மேன் வந்தான். "சார், கம்பியில ரெண்டு பூட்டு தொங்குது."

"நான் ஒண்ணுதான் மாட்டினேன்."

"உங்களுது நீலம். இன்னொண்ணு சிவப்பு. மேல ஒட்டடைன்னு எழுதியிருக்கு. மச்சான் எழுத்துதான், கோழி கிளறின மாதிரி."

என்ஜினியர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான்தான் சார் மாட்டினேன். நீர்க்குழி மோட்டார் அடைச்சு நின்னுச்சே, தூர் வாரினேன். சேத்துல கிடந்துச்சு. வளையம் ரெண்டா வெட்டியிருக்கு. மச்சான் ஓடிப்போனாருன்னா இத யாரு சார் வெட்டினது?"

"அவன்தான் எப்பவும் மறந்துட்டுப் போவானே. நீயே எத்தன தடவ வெட்டியிருக்க."

"வெட்டியிருக்கேன். உள்ள போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வெட்டியிருக்கேன்."

அக்காவின் குரல், கொஞ்சம் தள்ளி: "நான் சாப்பிட்டு வந்தப்போ பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஷார்ட்னு சொன்னீங்க."

"அந்த வயர் முழுக்கப் பாத்துட்டேன் சார்," என்றான் வயர்மேன். "ஷார்ட்டும் இல்ல, மண்ணும் இல்ல. உள்ள இருந்து கூப்பிட்டாத்தான் எரியும். இங்க எடுத்தாத்தான் அணையும்."

என்ஜினியர் நடைபாதையைப் பார்த்தார். அந்த முனையில், கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சத்தில், இரண்டு சின்ன உருவங்கள்.

"என் தங்கச்சி வெளிய தலை காட்ட முடியல. போற வர்றவன்லாம் பல்லக் காட்டுறான். எனக்கு உங்க வேலையும் வேணாம், உங்க உசுரும் வேணாம். மச்சான் ஓடிப்போகல. அத உங்க வாயால சொல்லுங்க. ஒரே வார்த்தை. நானே வந்து கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

சின்ன வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னால் போலீஸ் வந்தது, கைதட்டியவர்களின் முகம் வந்தது, இன்னும் கையெழுத்தாகாத உத்தரவு வந்தது. விழுங்கினார்.

"ஓடிப்போனவனுக்கு நான் என்னய்யா பண்ண முடியும்?"

வயர்மேன் இரும்புப் பெட்டியை ஓரமாக இழுத்து வைக்கிற சத்தம் போனில் கேட்டது.

"சரி சார். பயப்படாதீங்க. நாங்க ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்களோ, அதேதான்."

போனை வைத்துவிட்டான்.

என்ஜினியர் கதவை நோக்கி நடந்தார். நடந்தவர் நின்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய நீலப் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் நின்றது. விறைத்தது. யாரோ அதைப் பிடித்துத் தொங்குவது போல நேர் கீழாக இழுபட்டது. வயர்மேனும் அக்காவும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வதை அவர் பார்த்தார். இரண்டு பேரின் கையும் காலியாக இருந்தது. கம்பி வளைந்தது. வளையம் வெட்டுப்பட்ட சிவப்புப் பூட்டு நழுவியது, நீலப் பூட்டு தெறித்தது. அது தரையில் விழுந்த சத்தம் நடைபாதை முழுக்க ஓடிவந்து தாமதமாக அவர் காதை அடைந்தது.

மெயின் கைப்பிடி இறங்கியது. மெல்ல. முழுக் கனத்தையும் அதன் மேல் போட்டுத் தொங்குகிறவனுக்கு அவசரம் எதுவும் இல்லாதது போல. என்ஜினியரின் முதுகுக்குப் பின்னால் வாயன் உறுமத் தொடங்கியது.

"நிறுத்துங்க!"

பாய்ந்து போனை எடுத்தார். அந்த முனையில் பச்சை விளக்கு எரிந்தது. இங்கிருந்தே தெரிந்தது. வயர்மேனின் கை போனை நோக்கி நீண்டது. அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கை நின்றது. பிறகு தானாகவே இறங்கியது.

விளக்கு எரிந்தது.

"சொல்றேன்! அவன் ஓடிப்போகல! உள்ளதான் இருந்தான்! சொல்லிட்டேன்ல!"

யாரும் எடுக்காத போனுக்குள் கத்தினார்.

டங்.

நடைபாதையின் அந்த முனையில். கண்ணாடி அறைக்கு வெளியே முதல் தகடு.

டங்.

ஆளில்லை. தகடு அமுங்கியது. எழுந்தது. விளக்குகளுக்குக் கீழே, நிழல் கிடையாது. அடுத்தது அமுங்கியது.

ஓட வேண்டும். ஓட ஒரே வழி. அந்த வழியில்தான் அது வந்துகொண்டிருந்தது.

டங். நீளமான எட்டுகள். நெட்டையானவனின் எட்டுகள்.

டங்.

வாசல் தகடு. அமுங்கியது. எழவில்லை. அங்கேயே நின்றது. வாசலின் மேல்சட்டத்தில், நெட்டையான ஒருவன் தலை இடித்துக்கொள்கிற உயரத்தில், தூசி கொஞ்சம் உதிர்ந்தது.

என்ஜினியர் பின்னால் நகர்ந்தார். முதுகில் வாயனின் விளிம்பு தட்டியது. கால் தராசு மேடையில் ஏறியிருந்தது. கழுத்துச் சாவி நெஞ்சில் துடித்தது.

"ஒட்டடை," என்றார். அன்று கூப்பிட்டிருக்க வேண்டிய பெயர். "டேய், ஒட்டடை. உள்ள இருக்கியாடா?"

வாசல் தகடு எழுந்தது. உள்ளே இருந்த முதல் தகடு அமுங்கியது.

கீல் முனகியது. ஒரு விரல்கடைகூடத் தானாக நகராத கதவு நகர்ந்தது. முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளுகிறவன் தள்ளுகிற வேகத்தில். இடைவெளியில் நடைபாதை ஒடுங்கியது. கண்ணாடி ஒடுங்கியது. கடைசியாக, ஒரு நூல் அகலத்துக்கு, பச்சை வெளிச்சம். இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. உட்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத அந்தக் கதவில், உட்பக்கமிருந்து, ஒரு பூட்டு விழுந்தது.